வான்கோழி தயார், கிரான்பெர்ரி இல்லை

கேள்வி இது: "ஒவ்வொரு டிசம்பரிலும் வெயிட்ரெஸஸ் குழுவின் 'கிறிஸ்துமஸ் ராப்பிங்' என்ற பழைய அமெரிக்கப் பாட்டைச் சிலர் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள். போட்டுக் கேட்டால் ஒரு பெண் சலிப்போடு பேசிக்கொண்டே போகிறாள். மெட்டு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அதில் அப்படி என்னதான் இருக்கிறது?"

நியாயமான கேள்விதான். முதல் தடவை கேட்கிற பலருக்கும் அப்படித்தான் தோன்றும். நான் அந்தக் கொண்டாடும் கூட்டத்தைச் சேர்ந்தவன் என்பதால் கொஞ்சம் நீட்டியே பதில் சொல்கிறேன்.

கிறிஸ்துமஸ் பாட்டுகளில் முக்கால்வாசி, கேட்பவரிடம் ஒரு மனநிலையை முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்கின்றன. ஒன்று, நீங்கள் குதூகலமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பிரிவுத் துயரில் உருக வேண்டும். 'கிறிஸ்துமஸ் ராப்பிங்' இரண்டையும் கேட்பதில்லை. வருடம் முழுக்க ஓடியாடிக் களைத்து, "இந்தத் தடவை என்னை விட்டுவிடுங்கள்" என்று சொல்கிற ஒருத்தியைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. அவள் தரப்பு நியாயத்தை ஐந்து நிமிடம் பொறுமையாகக் கேட்கிறது. கடைசியில் பண்டிகைதான் அவளைத் தேடிக்கொண்டு வருகிறது, அதுவும் மளிகைக் கடை வரிசையில். அந்தச் சந்தோஷத்தைப் பாட்டு உழைத்துச் சம்பாதிக்கிறது. எனக்குத் தெரிந்து அதன் கவர்ச்சி முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

கதையைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண் பேசும் வேகத்தில் பாதி வரிகள் காதில் விழாமல் போய்விடும். அவை விழாவிட்டால் இந்தப் பாட்டில் மிச்சம் என்று எதுவும் இல்லை.

டிசம்பர் 24. பண்டிகையைத் திட்டிக்கொண்டே வாயைத் திறக்கிறாள். அடுத்த மூச்சில், அப்படிச் சொல்வது கொஞ்சம் அதிகம், தனக்கு மிகவும் பிடித்த பண்டிகையே இதுதான் என்று தானே திருத்திக்கொள்கிறாள். பிரச்சினை பண்டிகையிடம் இல்லை. அவளிடம் தெம்பு இல்லை, அவ்வளவுதான். போன வருடத்து அரைகுறைகளை எல்லாம் முடித்துவைக்க முடிந்தால் அதுவே தனக்கு உகந்த பரிசு என்கிறாள். அந்த அரைகுறைகளில் ஒன்று, பனிச்சறுக்குச் சாமான் விற்கும் கடையில் பார்த்த ஒருவன். தொலைபேசி எண் வாங்கி வைத்திருந்தாள், பேச நேரம்தான் இல்லை. 1981-இன் பெரும்பகுதி இப்படியே போயிற்று என்று வருடத்தையும் சொல்லிவிடுகிறாள். வசந்தகாலத்தில் மறுபடி பார்க்கிறார்கள். சேர்ந்து சாப்பிடப் போகலாம் என்றால் இருவருக்கும் ஒத்துவருகிற நாள் அமையவில்லை. கோடையில் அவன் தன் படகுக்கு அழைக்கிறான். இவளுக்கு வெயிலில் தோல் வெந்துபோய்ப் போக முடியவில்லை. அக்டோபர் கடைசியில் ஹாலோவீன் விருந்துக்குக் கூப்பிடுகிறான். இவள் இரவெல்லாம் காத்திருக்கிறாள், அவன் கார் கிளம்ப மறுக்கிறது.

இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்கள். முதல் தடவை தவறியது இவளால். இரண்டாவது இருவராலும். மூன்றாவது மறுபடி இவளால். நான்காவது அவனால், அதுவும் காரால். வில்லன் கிடையாது. ஏமாற்றியவன் கிடையாது, காலை வாரிய தோழி கிடையாது. இருவரையும் பிரித்துவைத்தது அன்றாடம் மட்டுமே. காதல் பாட்டுகளில் இது எவ்வளவு அரிது என்று யோசியுங்கள். நம் வாழ்க்கையில் எத்தனையோ நட்புகள் இப்படித்தான் நூல் அறுந்து போயிருக்கின்றன. சண்டை போட்டா பிரிந்தோம்? "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று சொல்லிச் சொல்லியே பிரிந்தோம்.

மீண்டும் டிசம்பர் 24. வந்த அழைப்புகளை எல்லாம் மறுத்தாகிவிட்டது. நாட்காட்டியில் ஒரே ஒரு தாள் பாக்கி. கடைசி நேரத்து வாழ்த்து அட்டைகள், நாலைந்து தொலைபேசி அழைப்புகள். பனியில், இறுகப் போர்த்திக்கொண்ட உடம்போடு நகரவே சிரமப்பட்டு வீடு வந்து சேர்கிறாள். ஏ அண்டு பி கடையில் வாங்கிய, உலகத்திலேயே மிகச் சிறிய வான்கோழி ஓவனில் வெந்துகொண்டிருக்கிறது. அப்போதுதான் நினைவு வருகிறது: கிரான்பெர்ரி வாங்க மறந்துவிட்டாள்.

அமெரிக்கக் கிறிஸ்துமஸ் மேஜையில் வான்கோழி இருந்தால் பக்கத்தில் கிரான்பெர்ரி என்ற சிவந்த புளிப்புப் பழத்தின் சாஸோ கூழோ இருந்தாக வேண்டும். பொங்கலன்று பானையில் அரிசி வெந்துகொண்டிருக்கும்போது வீட்டில் வெல்லம் இல்லை என்று தெரிந்தால் எப்படியோ அப்படி. எனவே மறுபடி பூட்ஸை மாட்டிக்கொண்டு, அந்த வட்டாரத்தில் இரவு முழுக்கத் திறந்திருக்கும் ஒரே மளிகைக் கடைக்குப் பனியில் நடக்கிறாள். ஓவனை அணைத்துவிட்டுப் போனாளா என்று பாட்டு சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் எனக்கு அது ஒரு கவலை. கடை வரிசையில் நிற்கிறான் அவன். இந்த வருடம் பைத்தியம் பிடித்தாற்போல் ஓடிவிட்டது, தனியாகவே கொண்டாடுகிறேன் என்கிறான். நானும்தான் என்கிறாள். அப்புறம் கேட்கிறாள்: நீயும் கிரான்பெர்ரி மறந்துவிட்டாயா?

மறந்திருக்கிறான். இருவரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். முத்தம் இல்லை, கட்டித் தழுவல் இல்லை, மணியோசை இல்லை. இருவர் வாங்க வந்திருக்கும் சாமான் ஒன்றே என்பதுதான் உச்சக்கட்டம்.

இனி, "பேசிக்கொண்டே போகிறாள்" என்ற விவகாரம். பாடியவர் பேட்டி டொனஹ்யூ. ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரத்துக்காரர். அவர் சரணங்களைப் பேசுகிறார்; பல்லவியில் மட்டும் பட்டும் படாமலும் பாடுகிறார். இது இயலாமை என்று நினைத்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள்: ஏதாவது ஒரு சரணத்தை நீங்களே அதே வேகத்தில், தாளம் தப்பாமல், மூச்சு வாங்குவது வெளியே தெரியாமல் சொல்லிப் பாருங்கள். நாலாவது வரியில் நாக்கு இடறும். அவர் குரலில் களைப்பு இருக்கிறது, ஆனால் சோகம் இல்லை. கிண்டல் இருக்கிறது, கசப்பு இல்லை. தோழியிடம் தொலைபேசியில் நாளின் கதையைச் சொல்லும் தொனி. நல்ல குரல் வளம் கொண்ட பாடகி ஒருவர் இதே வரிகளை உருகி உருகிப் பாடினால் 'பாவம், தனியாக இருக்கிறாள்' என்று நாம் இரக்கப்படத் தொடங்கிவிடுவோம். டொனஹ்யூ அதற்கு இடமே கொடுப்பதில்லை. இந்தப் பெண் தனியாக இருப்பது அவளே தேர்ந்துகொண்டது, அதற்குக் காரணமும் கையில் வைத்திருக்கிறாள். 1963-இல் பாடகி டார்லீன் லவ் 'வீட்டுக்கு வந்துவிடு' என்று கிறிஸ்துமஸன்று கதறிய காலத்திலிருந்தே, பண்டிகை நாளில் தனித்திருக்கும் பாட்டுப் பெண்ணுக்கு ஏங்குவதுதான் வேலையாக இருந்தது. இவள் ஏங்கவில்லை. வான்கோழியை ஓவனில் வைத்துவிட்டுக் கால் நீட்டி உட்காரப் போகிறாள்.

சரி, மெட்டு எங்கே? ஊதுகருவிகளிடம் போய்விட்டது. சரணங்களுக்கு இடையே சாக்ஸபோனும் சகாக்களும் சேர்ந்து ஒரு துள்ளலான வரியை வாசிக்கிறார்களே, பாட்டு முடிந்த பிறகு நீங்கள் முணுமுணுப்பது அதைத்தான். பெண் பண்டிகை வேண்டாம் என்று பேசிக்கொண்டிருக்கிறாள். பின்னால் வாத்தியங்கள் பண்டிகையை ஆரம்பித்தே விட்டன. வார்த்தைக்கும் இசைக்கும் இடையில் நடக்கும் இந்த வழக்கில் யார் ஜெயிக்கப் போகிறார்கள் என்பது முதல் நிமிடத்திலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது. தெரியாதது அவளுக்கு மட்டும்தான். நான் இந்தப் பாட்டில் திரும்பத் திரும்ப ரசிப்பது இந்த இடத்தைத்தான்.

அடியில் ஓடும் பேஸ் கிதார் ட்ரேஸி வார்ம்வொர்த் வாசித்தது. பிற்பாடு பி-52ஸ் குழுவோடு நீண்ட காலம் வாசித்தவர். அப்பா ஜிம்மி வார்ம்வொர்த் ஜாஸ் டிரம்மர். அந்த பேஸ் நடையைக் கேட்கும்போது 1979-இல் ஷிக் குழு வெளியிட்ட 'குட் டைம்ஸ்' என் காதில் விழுகிறது. அதே ஷிக் பாட்டின் அடித்தளத்தின் மேல்தான் 'ராப்பர்ஸ் டிலைட்' என்ற, ராப் இசையை வானொலிக்குக் கொண்டுவந்த பாட்டும் எழுந்தது. 1981 தொடக்கத்தில் பிளாண்டி குழு தன் பங்குக்கு ஒரு ராப்பை அமெரிக்க விற்பனைப் பட்டியலின் உச்சிக்குக் கொண்டுபோயிருந்தது. நியூயார்க்கில் அந்த வருடம் வெள்ளைக்கார ராக் குழுக்கள் எல்லாம் பேசிப் பார்க்க ஆசைப்பட்ட நேரம். பரிசுப் பொட்டலம் சுற்றுவதும் ராப்பும் ஆங்கிலத்தில் ஒரே ஓசை என்பதால் தலைப்பு தானாக வந்து விழுந்திருக்கும். டிரம்ஸ் பில்லி ஃபிக்கா. டெலிவிஷன் குழுவில் வாசித்துப் பேர் வாங்கியவர். சாக்ஸபோன் மார்ஸ் வில்லியம்ஸ். இவர் பின்னாளில் சைக்கடெலிக் ஃபர்ஸ் குழுவுக்குப் போனார். ஆல்பர்ட் அய்லரின் கட்டற்ற ஜாஸையும் கிறிஸ்துமஸ் கீதங்களையும் குலுக்கிக் கலந்து 'அய்லர் எக்ஸ்மஸ்' என்று டிசம்பர் கச்சேரிகளும் நடத்தினார். கிறிஸ்துமஸ் அவரை விடவே இல்லை போலிருக்கிறது. 2023-இல் காலமானார்.

எழுதியவர் கிறிஸ் பட்லர். இவரும் ஆக்ரன் வட்டாரத்திலிருந்து வந்தவர். ஆக்ரன் என்றால் ரப்பர், டயர். குட்இயரும் ஃபயர்ஸ்டோனும் எழுந்த ஊர். எழுபதுகளில் டயர் தொழில் சரியத் தொடங்கிய அந்த ஊரிலிருந்து டீவோ குழு, பாடகி கிறிஸ்ஸி ஹைண்ட் என்று வினோதமான ஆட்களாகப் புறப்பட்டு வந்தார்கள். பட்லர் கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1970 மே 4 அன்று தேசியக் காவல்படை சுட்டு நான்கு மாணவர்கள் செத்தபோது அந்த வளாகத்தில் இருந்தவர். அறுபத்தொன்பது நிமிடம் ஓடும் பாப் பாட்டு ஒன்றை 1996-இல் வெளியிட்டு கின்னஸில் இடம்பிடித்தவரும் இவரே. கொலைகாரன் ஜெஃப்ரி டாமர் சிறு வயதில் வாழ்ந்த வீட்டை 2005-இல் வாங்கிக் குடியேறியவரும் இவரே. இந்த விவரங்களுக்கும் நம் பாட்டுக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லைதான். ஆனால் இது சர்க்கரைப் பாகில் ஊறிய ஆசாமி எழுதிய பாட்டு இல்லை என்பது தெரிந்தால் போதும்.

பட்லருக்குக் கிறிஸ்துமஸ் என்றாலே ஆகாது. அதை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நியூயார்க்கில் தன்னைச் சுற்றியிருந்தவர்கள் எல்லாம் டிசம்பர் வந்தால் பேய் பிடித்தது போல் ஓடுவதைப் பார்த்தவர். 1981-இல் ஸீ ரெக்கார்ட்ஸ் என்ற சிறிய இசைத்தட்டு நிறுவனத்தின் முதலாளிகளில் ஒருவரான மைக்கேல் ஸில்கா, தன்னிடம் இருந்த குழுக்கள் ஒவ்வொன்றும் ஆளுக்கொரு கிறிஸ்துமஸ் பாட்டு தர வேண்டும் என்றார். நினைத்துப் பாருங்கள்: டிஸ்கோவைக் கோணல் மாணலாக வளைக்கும் குழுக்களும், சத்தத்தையே இசை என்று சாதிக்கும் ஆட்களும் நிறைந்த நிறுவனம் அது. அங்கே கிறிஸ்துமஸ் தொகுப்பு! ஸில்காவின் தந்தை பிரிட்டனில் குழந்தைகளுக்கான சாமான் விற்கும் மதர்கேர் கடைகளை நிறுவியவர். பண்டிகைக் காலத்தில் சரக்கு போகும் என்ற ஞானம் வீட்டிலேயே கிடைத்திருக்கலாம் என்பது என் குறும்பான ஊகம்.

ஆக, ஆகஸ்ட் மாத நியூயார்க் வெயிலில் வேண்டா வெறுப்பாக உட்கார்ந்து எழுதப்பட்டது இந்தப் பாட்டு. வேறு எதற்கும் பயன்படாமல் சேர்த்துவைத்திருந்த இசைத் துணுக்குகளை எடுத்து ஒட்டினார் பட்லர். வரிகள் முழுவதும் முடியவில்லை. கிரீன்விச் வில்லேஜிலுள்ள எலெக்ட்ரிக் லேடி ஸ்டூடியோவுக்குப் போகும் டாக்ஸியில் உட்கார்ந்து மிச்சத்தை எழுதினார். கோடையில் பிறந்த பனிக்காலப் பாட்டு என்பது புதிதல்ல. மெல் டார்மேயும் பாப் வெல்ஸும் 1945-இல் தங்கள் கிறிஸ்துமஸ் பாட்டைச் சுட்டெரிக்கும் வெயிலில்தான் எழுதினார்கள். பிரிட்டனின் ஸ்லேட் குழு 1973-இல் தன் கொண்டாட்டப் பாட்டைப் பதிவு செய்ததும் நியூயார்க் கோடையில்தான். ஆனால் அவர்கள் வெயிலில் உட்கார்ந்து பனிக்கு ஏங்கினார்கள். பட்லரின் பெண்ணோ பனியைப் பார்த்து "சீக்கிரம் முடிந்து தொலையட்டும்" என்கிறாள்.

இப்போது வரிகளின் தொழில்நுட்பம். இதைப் பலர் கவனிப்பதில்லை. இவள் வாயைத் திறந்ததும் வருகிற சலிப்புச் சொல், 1843-இல் டிக்கன்ஸ் படைத்த கஞ்சக் கிழவன் ஸ்குரூஜுடையது. நடுவில், மண்டபத்தை அலங்கரிப்பது பற்றிய பழைய கீதத்தின் வரியை எடுத்து, 'நீங்கள் செய்யுங்கள், நான் மூச்சு வாங்கிக்கொள்கிறேன்' என்கிறாள். பனியில் சிட்டாய்ப் பறக்கும் 1857-ஆம் ஆண்டின் ஜிங்கிள் பெல்ஸ் வண்டியை எடுத்து, 'கம்பளி இறுக்கத்தில் நான் எங்கே பறப்பது' என்கிறாள். மூன்று இடத்திலும் பண்டிகையின் பழஞ்சரக்கை எடுத்து அதன் காற்றைப் பிடுங்கிவிடுகிறாள். நான்காவதாகக் கடையில் அவனைப் பார்க்கும் கணம் வருகிறது. அங்கே 1823-இல் அமெரிக்கப் பத்திரிகையொன்றில் வெளிவந்த, சாந்தா கிளாஸ் வீட்டுக்கு வரும் புகழ்பெற்ற கவிதையிலிருந்து ஒரு வரி அப்படியே வருகிறது. வியந்து நோக்கும் கண்களுக்கு முன் தோன்றியது என்ன என்ற வரி. அந்தக் கவிதையில் தோன்றுவது கலைமான்கள் இழுக்கும் பனிவண்டி. இங்கே தோன்றுவது கூடையோடு வரிசையில் நிற்கும் ஒருவன். இந்தத் தடவை அவள் கிண்டல் செய்யவில்லை. அந்த வரியை முழுசாக, நேராகச் சொல்கிறாள். மூன்று தடவை மறுத்த பண்டிகை மொழியை நான்காவது தடவை ஏற்றுக்கொள்கிறாள். டாக்ஸியில் கிறுக்கப்பட்ட பாட்டு என்று சொன்னேன் அல்லவா? கிறுக்கியவருக்குக் கை தேர்ந்திருந்தது.

ஏ அண்டு பி பற்றியும் ஒரு வார்த்தை. 1859-இல் தேயிலைக் கடையாகத் தொடங்கி, ஒரு காலத்தில் அமெரிக்காவின் மிகப் பெரிய மளிகைச் சங்கிலியாக இருந்த நிறுவனம் அது. 2015-இல் இழுத்து மூடப்பட்டது. 1981-இல் கேட்டவர்களுக்கு அது தெருமுனைக் கடை; எந்த மயக்கமும் இல்லாத பெயர். பாட்டுக்குள் அந்தப் பெயர் வந்து விழுந்ததும் மொத்தக் கதையும் தரைக்கு வந்துவிடுகிறது. 'உலகத்திலேயே மிகச் சிறிய வான்கோழி' என்ற சொற்றொடரும் அப்படித்தான். வான்கோழி என்பது ஊரைக் கூட்டி உண்கிற பறவை. ஒரே ஒருத்திக்கு அதைச் சமைப்பதென்றால் எது கிடைக்கும்? கடையில் ஒதுங்கிக் கிடந்த குட்டிதான். அவள் தனிமையைப் பற்றிப் பாட்டு வேறெங்கும் இவ்வளவு சொல்வதில்லை. அதையும் சிரிப்பாகத்தான் சொல்கிறது.

முடிவு பற்றி எதிர்ப்பு உண்டு. இவ்வளவு நேரம் தனித்து வாழ்வதை மிடுக்கோடு பேசிய பெண்ணுக்குக் கடைசியில் ஆண் துணையைக் கொடுத்து அனுப்பிவைப்பது பழைய கதைதானே என்று கேட்கிறார்கள். முழுவதும் தள்ளிவிட முடியாத கேள்வி. என் கட்சி வேறு. அவள் அவனைப் பிடிக்கப் போகவில்லை, கிரான்பெர்ரி வாங்கப் போனாள். அவனும் அவளைப் போலவே பண்டிகையிலிருந்து தப்பியோடிவந்த ஆள். ஒருவர் இன்னொருவரை மீட்டதாகக் கதை முடியவில்லை. இரண்டு களைத்த மனிதர்கள் ஒரே நொடியில் தங்களைப் பார்த்தே சிரித்துக்கொள்வதாக முடிகிறது. போதாததற்கு, கிறிஸ்துமஸ் மாயம் இந்தக் கதையைச் சுப முடிவுக்குக் கொண்டுவந்துவிட்டது என்று அவளே கதைசொல்லியின் குரலில் அறிவிக்கிறாள். இது கதைதான் என்பது அவளுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். தெரிந்தே ரசிக்கிறோம். பல்லவியில் இதுவரை 'இந்த வருடம் நான் இல்லை' என்று சொல்லிக்கொண்டிருந்தவள், கடைசியில் 'இதைத் தவறவிட்டிருக்கவே முடியாது' என்று மாற்றிப் பாடுவதற்கு அந்தச் சிரிப்பே போதுமான காரணம்.

இந்தக் கதை இன்று நடக்காது என்பதையும் சொல்ல வேண்டும். படகுக்கு வர முடியாவிட்டால் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. கார் கிளம்பாவிட்டால் இன்னொரு செய்தி. பாட்டு இரண்டாவது சரணத்திலேயே முடிந்துபோயிருக்கும். வீட்டுத் தொலைபேசி மட்டும் இருந்த காலத்தில்தான் இரண்டு பேர் ஒரு வருடம் முழுக்க ஒருவரையொருவர் நல்லெண்ணத்தோடு தவறவிட முடியும்.

வெளிவந்தபோது இது பெரிய வெற்றி என்று சொல்ல முடியாது. பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் 1982 டிசம்பரில் 45-ஆவது இடம். குழுவும் நீடிக்கவில்லை, எண்பதுகளின் நடுவிலேயே கலைந்துவிட்டது. ஆனால் வானொலி நிலையங்கள் ஒவ்வொரு டிசம்பரிலும் எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தன. பேட்டி டொனஹ்யூ 1996 டிசம்பரில் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். வயது நாற்பது. பாட்டு உண்மையிலேயே ஊரறிந்ததாக ஆனது அதற்குப் பிறகுதான். 1998-இல் ஸ்பைஸ் கேர்ள்ஸ் இதைப் பாடி, அந்த வருடம் பிரிட்டனில் கிறிஸ்துமஸ் முதலிடம் பிடித்த தங்கள் 'குட்பை' சிங்கிளில் கூடுதல் பாட்டாகச் சேர்த்தார்கள். 'குட்பை' விற்கும் ஒவ்வொரு பிரதியிலும் கூடுதல் பாட்டை எழுதியவருக்கும் பங்கு உண்டு என்பதால், கிறிஸ்துமஸைப் பிடிக்காத பட்லருக்குக் கிறிஸ்துமஸ் படியளந்திருக்கும்.

கேட்பதற்கு ஸ்பைஸ் கேர்ள்ஸ் பதிப்பு சுறுசுறுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் பாட்டின் உயிர்நாடி அதில் அறுந்துவிட்டது: வரிகளைப் பல குரல்கள் பகிர்ந்துகொண்டதும் அங்கே தனியாக இருப்பவர் யாருமே இல்லை! தோழிகள் சூழ நின்று 'நான் தனியாகக் கொண்டாடுகிறேன்' என்றால் யார் நம்புவது? 2015-இல் கைலி மினோக் பாடியபோது ஆண் பாத்திரத்துக்கு ராக் பாடகர் இகி பாப்பை அழைத்துவந்தார். அந்தக் கரகரத்த கிழக் குரல் மளிகைக் கடையில் கிரான்பெர்ரி தேடுகிறது என்ற நினைப்பே சிரிப்பை வரவழைக்கிறது. ஆனால் அசலில் அவன் பேசுவதையும் டொனஹ்யூவேதான் சொல்கிறார். கதை முழுக்க அவள் கையில் இருக்கிறது. அவனுக்குத் தனிக் குரல் வந்ததும் அது நாடகமாகிவிடுகிறது.

அதனால், கேள்வி கேட்டவருக்கு என் யோசனை: அசலை எடுத்து, வரிகளைக் கண்முன் வைத்துக்கொண்டு ஒரு தடவை கேளுங்கள். பின்னணியில் ஓடவிட்டு வேறு வேலை செய்யும்போது கேட்கிற பாட்டு அல்ல இது. அதன் பிறகும் பிடிக்கவில்லை என்றால் பரவாயில்லை, ஸ்லேட் இருக்கிறது.

பிடித்துவிட்டால், ஸீ ரெக்கார்ட்ஸின் அதே 1981 தொகுப்பிலுள்ள, பாடகி கிறிஸ்டினாவின் 'திங்ஸ் ஃபால் அபார்ட்' பாட்டையும் தேடிக் கேளுங்கள். அங்கேயும் நகரத்தில் தனியாக இருக்கும் ஒரு பெண்தான், அதே கிறிஸ்துமஸ்தான். தொண்ணூற்றேழு வயது மரமொன்றை வெட்டிக்கொண்டுவந்து விளக்கு மாட்டி விருந்து வைக்கிறார்கள். விருந்து பிரமாதம், அடுத்து எங்கே போகலாம் என்று கேட்கிறார்கள். இவள் டாக்ஸி பிடித்து வீட்டுக்கு வந்து கொஞ்சம் அழுதுவிட்டுப் பூனைக்குச் சாப்பாடு போடுகிறாள். அந்தப் பாட்டில் மளிகைக் கடையும் இல்லை, மறந்துபோன கிரான்பெர்ரியும் இல்லை. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் பட்லர் எவ்வளவு குறுகலான வரப்பில் நடந்து அக்கரை சேர்ந்தார் என்பது புரியும். கேட்கும் வரிசையில் மட்டும் கவனம் வையுங்கள்: கிறிஸ்டினா முதலில், வெயிட்ரெஸஸ் பிறகு. மாற்றிக் கேட்டால் அன்றைய சாப்பாடு இறங்காது.